பழைய காரும் புதிய உயிரும்

பழமையைப் போற்றுதல் என்று சொன்னால், நம் மாணவர் பலருக்குக் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. விடுமுறை நாளில் கூட்டமாகச் சேர்ந்து சந்திரகிரிக் கோட்டையைப் பார்க்கப் போகிறோம். போகும் வழியில், ஏதோ ஒரு பட்டறையின் பின்புறத்தில், வேப்பமரத்தின் கீழ், நான்கு டயர்களும் மண்ணில் அமிழ்ந்து கிடக்கும் பழைய காரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பவர் ஒருவரே உண்டு. அவர் பழைய இரும்பு வணிகர். கிலோ என்ன விலைக்குப் போகும் என்பதே அவர் கணக்கு. அவர் கைக்குப் போவதற்கு முன் நம்மில் ஒரு சிலராவது அந்தக் காரைப் பார்க்கவேண்டும் என்னும் ஆசையால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பழைய கார்களைப் பேணுவது அரசர்களும் பெருஞ்செல்வர்களும் செய்யும் வேலை என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் காரைப் பற்றிப் பேசினால் அது உண்மைதான். ஆனால் நம் பாட்டனார் காலத்து வழக்கறிஞரும் மருத்துவரும் பள்ளித் தலைமையாசிரியரும் ஓட்டிய கார்கள் வேறு. அவை பெரும்பாலும் மூன்றே. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசிடர்; பம்பாய்க் குர்லாவில் செய்யப்பட்ட பியட்; மூன்றாவது, நம் சென்னைக்கு அருகே வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அம்பாசிடர் 2014 வரை வந்தது. பியட்டின் வழிவந்த பத்மினி, பம்பாய்த் தெருக்களில் டாக்சியாக 2023 வரை ஓடியது. ஹெரால்டு மட்டும் எவரும் கவனியாமலே மறைந்துகொண்டிருக்கிறது. ஆகவே அதைக் கொண்டே இந்தக் கலையை விளக்க விரும்புகிறேன். சித்தூரில் என் வீட்டுக் கொட்டகையில் நிற்பதும் அதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்சபாதம் என்று நண்பர்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் நிறுவனம் 1948-இல் தோன்றியது. இங்கிலாந்தில் 1959-இல் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த காரை, அந்நிறுவனம் 1961 முதல் வண்டலூரில் செய்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் தூரின் நகரத்துக் கலைஞர் ஜோவன்னி மிக்கெலாத்தி. இங்கிலாந்தில் அக்காலத்தில் பெரும்பாலான கார்கள் சேஸிஸ் என்னும் தனி அடிச்சட்டம் இல்லாமல், உடல் முழுவதும் ஒரே கூடாகச் செய்யப்பட்டன. ஹெரால்டுக்கோ தனிச் சேஸிஸ் உண்டு. காரணம் வேடிக்கையானது. முழு உடலையும் அழுத்திச் செய்து தருவதற்குரிய ஆலை ஒன்று போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ஆகவே உடலைப் பல துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்து, ஒரு சேஸிஸின் மேல் போல்ட்டுப் போட்டு முடுக்கினார்கள். நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடு இன்று நமக்குப் பெருவரமாக அமைந்தது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் ஒரு ஹெரால்டைத் துண்டு துண்டாகப் பிரித்துத் திரும்பவும் கூட்டிவிடலாம். பானெட் மட்டும் தனியாகத் திறப்பதில்லை; முன் மட்கார்டுகள் இரண்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். எஞ்சினும் முன் சக்கரங்களும் முழுதும் வெளியே தெரியும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக்கைக் கழற்றலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பும். இன்றைய சிறு கார்கள் பலவும் இதற்குத் தோற்கும்.

948 சி.சி. எஞ்சின், ஒரு கார்பரேட்டர், கணிப்பொறி எதுவும் இல்லை. கண்ணால் பார்த்துக் காதால் கேட்டுக் குறையைக் கண்டுபிடிக்கலாம். தொழிற்கல்வி பயிலும் நண்பர்களுக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது என்பது என் துணிபு.

பழைய கார் ஒன்று கண்ணில் பட்டால் எஞ்சினை முதலில் பார்க்காதீர்கள். எஞ்சின் எப்படி இருந்தாலும் செப்பம் செய்யலாம். துருவே உண்மையான பகை. நம் பக்கம் ஒரு நன்மை உண்டு. சென்னைக் கடற்காற்றின் உப்பு சித்தூர், திருப்பதிப் பக்கத்து வறண்ட காற்றில் இல்லை. இங்கேயே வாழ்ந்த கார்களின் தகடு ஓரளவு உறுதியாக இருக்கும். ஆயினும் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும், உடல் அதன்மேல் உட்காரும் இடங்களையும் ஒரு பழைய திருப்புளியால் குத்திப் பாருங்கள். திருப்புளி உள்ளே இறங்கினால் தகடு போய்விட்டது என்று பொருள். பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்து விற்பனைக்கு நிற்கும் காரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கதவின் கீழ்விளிம்பில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு அன்று, பட்டி. டிங்கர் வேலைக்காரர் துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைப்பதற்குப் பதில், பட்டியை அப்பித் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

காரைப் பிரிக்கத் தொடங்குமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது, ஒவ்வொரு வாஷரும் எந்தப் பக்கம் இருந்தது என்று அஞ்சாமல் நூறு படம் எடுங்கள். கழற்றிய திருகுகளைத் தனித்தனி டப்பாவில் இட்டுப் பெயர் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கூட்ட உட்கார்ந்தவர்களே பெரும்பாலும் அந்த வாளியையும் காரையும் சேர்த்து விற்கிறார்கள்.

பல ஆண்டுகள் ஓடாத எஞ்சினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட்டர் கொண்டு சுழற்றலாகாது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருவால் ஒட்டியிருக்கும். வலிந்து சுழற்றினால் வளையம் ஒடியும், சிலிண்டர் கீறும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சில கரண்டி மெல்லிய எண்ணெயை விட்டு, சில நாள் பொறுங்கள். பிறகு கையால் மெல்லத் திருப்புங்கள். திரும்பியபின் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி, அதன்பின்தான் பேட்டரி. பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கழுவவேண்டும். நின்றுபோன பெட்ரோல் பிசினாக உறைந்து குழாயை அடைத்திருக்கும். பேட்டரியை மாட்டும்போதும் ஒரு கவனம் தேவை. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கத்துக்கு இது நேர்மாறு. பேட்டரி நமக்கு எளிது, கரக்கம்பாடியிலேயே செய்கிறார்கள். எந்த முனை எங்கே என்பதை மட்டும் பார்த்து மாட்டுங்கள். ஒயரிங்கைப் பழையதாகவே விட்டுவிடுவது தீ வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். அக்காலத்துக் கார்கள் பலவற்றில் ப்யூஸ் ஒன்றோ இரண்டோதான், சிலவற்றில் அதுவும் இல்லை.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மறை உண்டு. அது டிரன்னியன் எனப்படும் பித்தளைத் துண்டுக்குள் திருகப்பட்டிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மறையே சுழல்கிறது. அந்த இடத்திற்குத் தொண்ணூறாம் எண் கியர் ஆயில் ஊற்றவேண்டும் என்பது செய்தவர்கள் விதித்த விதி. ஆனால் வெளியே பார்த்தால் கிரீஸ் நிப்பிள் போன்றதொன்றே தெரிகிறது. ஆகவே பட்டறைக்காரர்கள் பழக்கத்தால் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மறையின் உள்ளே சென்று பரவுவதில்லை, காய்ந்து கட்டியாகிறது, மழைநீர் புகுகிறது, தண்டு துருவேறி மெலிகிறது. பிறகு ஒரு நாள் வளைவில் தண்டு ஒடிந்து சக்கரம் சாய்ந்துவிடுகிறது. என் காரை முதலில் ஒப்படைத்திருந்த பட்டறை ஒன்றிலும் இதுதான் நடந்திருந்தது. பிரித்துப் பார்த்த முதிய மேஸ்திரி ஒருவர் அந்தத் தண்டை என் கையில் கொடுத்து, "தம்பி, இதை வச்சுக்கிட்டா மலை இறங்கப் பார்த்தீங்க?" என்று கேட்டார். பாதி துருவாகியிருந்த தண்டு அது. எண்ணெய்க்கு ஆகும் செலவு ஒரு காப்பிச் செலவு.

மலை என்று அவர் சொன்னது திருமலையை. அதன் முதல் மலைப்பாதை 1944-இலும், இரண்டாவது 1974-இலும் திறக்கப்பட்டன. இப்போது பழைய பாதை இறங்குவதற்கு, புதியது ஏறுவதற்கு. இன்று எவ்வளவு பழைய வண்டிகளை மேலே விடுகிறார்கள் என்பதை அலிபிரியில் கேட்டு அறிந்தபின்னரே புறப்படவேண்டும். திருமலையானாலும் வேறு எந்த மலையானாலும், மலைப்பாதை பழைய காரின் குறைகளை எல்லாம் வெளிப்படுத்திவிடும். ஏறும்போது ரேடியேட்டரும் பெட்ரோல் குழாயும் சோதிக்கப்படுகின்றன. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை இழுக்க இயலாமல் வண்டி நின்றுவிடும். பயப்படவேண்டாம். பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக் கால் மணி நேரம் இருந்தால் போதும். இறங்குவதே ஆபத்து. அக்காலப் பிரேக்குகள் டிரம் வகை. தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரிந்து பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பழைய ஆயில் அந்தச் சூட்டில் கொதித்துக் குமிழிட்டால் பெடல் வெறுமனே தரைவரை போகும். ஆகவே ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆயிலை இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுதும் மாற்றுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை பிரேக்கில் ஊற்றுவது கொலைக்கு நிகர். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய் இறுகிவிடும். தொடக்ககால ஹெரால்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. வளைவின் நடுவே திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிரேக்கை மிதித்தால் பின் சக்கரங்கள் உட்புறமாக மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் சீராக இழுத்துச் செல்லவேண்டும்.

எரிபொருளைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு உட்காரும் விளிம்பின் மேல் மெல்லிய படிவாகித் தேய்மானத்தைத் தடுத்தது. உடல்நலங் கருதி 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் நீக்கப்பட்டது, அது நல்லதே. ஆயினும் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகள் மெல்ல மெல்லத் தம் இருக்கைக்குள் அமிழ்கின்றன. ஹெட்டைக் கழற்றும் சமயத்தில் லேத் பட்டறையில் கடின உருக்கு வளையம் பொருத்திவிட்டால் கவலை தீர்ந்தது. இப்போது பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர்க் குழாயையும் பம்பின் சவ்வையும் இளகச் செய்யும்; நீரை ஈர்த்து டாங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எத்தனாலுக்கு ஏற்ற குழாய்களை மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்கை வடித்துவிடுவது நலம்.

உதிரிப் பாகங்களுக்குச் சித்தூர்க்காரர்கள் பாக்கியசாலிகள். சென்னை ஏறக்குறைய 150 கிலோமீட்டர், பெங்களூரு 180 கிலோமீட்டர். இந்தப் பக்கம் புதுப்பேட்டை, அந்தப் பக்கம் ஜே.சி. ரோடு. ஆனால் இரு இடத்திலும் பழைய கடைக்காரர்கள் குறைந்து வருகிறார்கள். பெயர் சொன்னாலே சாமானை எடுத்துத் தந்த தலைமுறை முடியப்போகிறது. இதுவே எனக்குக் காரின் துருவைவிடப் பெரிய கவலை. தெலுங்கும் தமிழும் உருதும் கலந்து பேசும் நம் ஊர் மேஸ்திரிகளின் அறிவு எந்த நூலிலும் ஏறவில்லை. நம் மன்றத்து நண்பர்கள் ஒரு முதியவரிடமாவது உட்கார்ந்து கேட்டு எழுதினால், அது கல்வெட்டுப் படியெடுப்பதற்குக் குறைந்த தொண்டாகாது.

சிலர் பழைய எஞ்சினைத் தூக்கியெறிந்து, வேறு காரின் புது எஞ்சினை மாட்டிவிடுகிறார்கள். வண்டி ஓடும், ஐயமில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டமும் இவ்விஷயத்தில் என் பக்கமே இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதியின்படி, முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, சேஸிஸும் உடலும் எஞ்சினும் மாற்றப்படாமல் இருக்கும் சொந்த உபயோகக் காரே ‘விண்டேஜ்’ எனப் பதியப்படும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், எண்பலகையில் மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பழுதுபார்த்தல், பெட்ரோல் போடுதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் ஓட்டி மகிழ விரும்புவோர், தகுதிச் சோதனையில் தேறி ஐந்தாண்டுக்கு ஒருமுறை சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே வழி. நான் அதையே செய்திருக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பதிவுள்ள காரை ஆந்திரத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வதானால், பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆட்சேபமில்லாச் சான்று பெற்று, ஓராண்டுக்குள் இங்கே மறுபதிவு செய்யவேண்டும். விலை பேசுமுன் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். சேஸிஸ் எண்ணின் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் வேறுபட்டாலும், கார் எத்துணை அழகாக இருந்தாலும், பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள்.