சைலோட்டம் நூடம்: வேரில்லாச் செடி

பெரணிக் குடும்பங்களில் இப்படியும் ஒன்று. பச்சைத் தண்டு இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும். உணவு தயாரிப்பதும் அதுவே. இலைக்குப் பதில் நரம்பற்ற சிறு செதில்கள். உற்றுப் பாருங்கள்: செதிலோரம் மூன்று அறைகள் ஒட்டிய மஞ்சள் உருண்டை, உள்ளே தூள் போன்ற வித்துகள். மண்ணுக்கடியில் வேர் கிடையாது. நிலத்தடித் தண்டு பூஞ்சையின் துணையோடு நீரை உறிஞ்சுகிறது.

காய்ந்த குன்றுகளைவிட ஈரம் மிகுந்த இடமே இதற்குத் தோது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரத்தண்டிலும் பாறை இடுக்கிலும் வளர்கிறது.

ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்தில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவச் செடிகளை ஒத்திருப்பதால், ஆதி நிலத் தாவரங்களின் நேரடி வாரிசு என்றே இதை நெடுநாள் கருதினார்கள். மரபணு ஆய்வு வேறு சொந்தத்தைக் காட்டியது: மழைக்குப் பின் புல்வெளியில் தலைகாட்டும் பாம்புநாக்குப் பெரணி. வேரும் இலையும் பிற்காலத்தில் இழந்தவையே என்பது இன்றைய கருத்து.