செஞ்சியா? புதுச்சேரியா?

மேல்நாடுகளில் குளிர்காலம் வந்துவிட்டால் கோல்ப் ஆட்டக்காரர்களுக்குப் பெரியதொரு மனக்கவலை உண்டாகிவிடுகிறது. சொந்த ஊர்ப் புல்வெளியெல்லாம் உறைபனியில் மூடிக் கிடக்கும்போது பந்தை எங்கே கொண்டுபோய் அடிப்பது? வெயில் காய்கிற சீமையாகப் பார்த்துப் போகவேண்டும். ஸ்பெயின் தேசத்தின் தென்கரைக்குப் போவதா, போர்ச்சுகலின் தென்கோடியிலுள்ள அல்கார்வேக்குப் போவதா என்று வீட்டுக்கு வீடு பலத்த விவாதம் நடக்குமாம்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வசிப்பவர்களுக்கு இந்தச் செய்தி வேடிக்கையாகத்தான் இருக்கும். வெயிலைத் தேடிக்கொண்டு நாம் எங்கும் போகவேண்டியதில்லை. அது நம்மைத் தேடிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. கோல்ப் ஆடியே தீரவேண்டும் என்பவர்களுக்குக் கொடைக்கானலில் 1895-ஆம் வருஷத்திலேயே ஏற்பட்ட கோல்ப் சங்கம் இருக்கிறது. ஆனால் மார்கழி மாதத்தில் கொடைக்கானலுக்குப் போவது, வெயிலை விட்டுவிட்டுக் குளிரைத் தேடிக்கொண்ட கதையாக முடியும்.

ஆயினும் விவாதம் என்னவோ நம் வீடுகளிலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டதும், "எங்கேயாவது போகலாம்" என்று குழந்தைகள் ஆரம்பிக்கிறார்கள். மேற்கே செஞ்சிக் கோட்டை. கிழக்கே புதுச்சேரிக் கடற்கரை. விழுப்புரத்திலிருந்து இரண்டும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி அதே தூரம். செஞ்சி இன்னும் சமீபம், 28 கிலோமீட்டர்தான். தூரம் ஒரு தடையல்லவாகையால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை வேறு காரணங்களைக் கொண்டுதான் முடிவு செய்யவேண்டும்.

புதுச்சேரியின் கட்சி

முதலில் புதுச்சேரியின் கட்சியைக் கேட்போம். அங்கே போவது சுலபம். விழுப்புரத்திலிருந்து 1879-ஆம் வருஷத்திலேயே ரயில் பாதை போட்டுவிட்டார்கள். செஞ்சிக்கோ இன்றளவும் ரயில் கிடையாது. பஸ்ஸை நம்பித்தான் போகவேண்டும். புதுச்சேரியில் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. வயதானவர்கள் மூச்சு வாங்காமல் கடலோரச் சாலையில் நடக்கலாம். கால் வலித்தால் உட்காரலாம். கடற்காற்றுக்குக் காசு கேட்பவர் எவருமில்லை.

பார்க்கவேண்டியவற்றுக்கும் குறைவில்லை. 1736-லிருந்து 1761 வரையில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்னும் நிற்கிறது. மகாகவி பாரதியார் 1908 முதல் 1918 வரையில் பத்து வருஷ காலம் அடைக்கலம் புகுந்திருந்த ஊர் அது. "கண்ணன் பாட்டு", "குயில் பாட்டு", "பாஞ்சாலி சபதம்" ஆகியவையெல்லாம் அங்கே பிறந்தவை. ஸ்ரீ அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் 1910-இல் வந்து சேர்ந்த ஊரும் அதுவே. தேசபக்தி உள்ளவர்களுக்கு அந்தத் தெருக்கள் வெறும் தெருக்களல்ல.

ஆனால் மார்கழிக் கடலை மட்டும் நம்பக்கூடாது. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் அந்தக் கரையில்தான் ஏறியது. 2024-ஆம் வருஷம் நவம்பர் கடைசியில் வந்த புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. திண்டிவனத்தை அடுத்த மயிலம் பகுதியும் அன்று மூழ்கியதை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புயல் இல்லாத நாளிலும் மார்கழி அலைகள் முரட்டு அலைகள். குழந்தைகளைக் கடலில் இறங்கவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதே பெற்றோருக்குப் பெரிய வேலையாகிவிடும். அப்புறம், புதுச்சேரி என்ற பெயரைக் கேட்டதுமே புருஷர்களில் சிலருக்குக் கடற்கரையைத் தவிர வேறொரு ஞாபகமும் வருவதுண்டு. அதைப் பற்றி வீட்டு எஜமானிகளுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை!

செஞ்சியின் கட்சி

இனி செஞ்சியைப் பார்ப்போம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை அது. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. உச்சியை நெருங்கும்போது பாறையில் ஆழமான பிளவொன்று குறுக்கிடுகிறது. அதன்மேல் போட்ட பாலத்தை எடுத்துவிட்டால், மேலே ஒரு சிலர் இருந்துகொண்டு கீழே ஒரு சைன்யத்தையே தடுத்து நிறுத்தலாம். இந்த ஒன்றைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குக் கோட்டை என்றால் என்ன என்று பாடப் புத்தகம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சத்ரபதி சிவாஜி 1677-இல் இக்கோட்டையைப் பிடித்தார். அவருடைய குமாரர் ராஜாராம் இங்கே வந்து இருந்தபோது, ஔரங்கசீப்பின் சேனை 1690-இல் முற்றுகையைத் தொடங்கியது. கோட்டையைப் பிடிக்க 1698 வரையில் ஆயிற்று. பிறகு வந்தவன் நம் தெருக்கூத்துக்களிலும் கதைப் பாட்டுக்களிலும் வாழும் ராஜா தேசிங்கு. கப்பம் கட்ட மறுத்து, ஆற்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறு படையோடு எதிர்த்து, 1714-இல் போர்க்களத்தில் வீழ்ந்தான். அவனுடைய உயிர்த்தோழன் ஒரு முஸ்லிம் வீரன் என்றும், அவனும் அதே போரில் உயிர் கொடுத்தான் என்றும் கதைப் பாட்டுச் சொல்கிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761-இல் ஆங்கிலேயர்களும் கோட்டையைக் கைப்பற்றினார்கள்.

இத்தனை காலமும் நம் வாசலில் இருந்த கோட்டையை நாம் அதிகம் பொருட்படுத்தவில்லை. 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றில் செஞ்சியும் ஒன்று. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. உலகம் அங்கீகரித்த பிறகாவது பக்கத்து ஊர்க்காரர்கள் போய்ப் பார்க்கவேண்டாமா?

விழுப்புரத்திலிருந்து போகிறவர்களுக்கு வழியிலேயே இன்னொரு லாபம். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் சமைத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டிலேயே பெருமிதத்துடன் பொறித்து வைத்திருக்கிறான். 1,400 வருஷத்துப் பெருமை. கால் மணி நேரம் நின்று பார்த்தால் போதும்.

பாட்டிக்கு என்ன வழி?

"படியேறப் பாட்டியால் முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாட்டி ஏறவேண்டாம். ராஜகிரியின் அடிவாரத்திலேயே பல அடுக்குக் கோபுரத்தோடு கூடிய கல்யாண மஹால், பிரம்மாண்டமான நெற்களஞ்சியம், யானைக் குளம், வேங்கடரமண ஸ்வாமி கோயில், 18-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுந்த ஸாதத்துல்லா கான் மசூதி எல்லாம் இருக்கின்றன. பெரியவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டு நிழலில் புளியோதரை மூட்டையைக் காவல் காக்கலாம். காவல் அவசியமே; செஞ்சிக் குரங்குகள் நவாபின் படையைவிடத் துணிச்சல் உள்ளவை. இளைஞர்கள் ராஜகிரிக்கும், நடுத்தர வயதினர் அதைவிடத் தாழ்ந்த கிருஷ்ணகிரிக்கும் போகட்டும். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். காலையிலேயே ஏறத் தொடங்கவேண்டும். பொழுது சாய்கிற நேரத்தில் போனால் மேலே விடமாட்டார்கள்.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது, தீர்ப்பு சொல்வது கஷ்டமல்ல. புதுச்சேரிக்கு வருஷத்தில் எந்த மாதமும் போகலாம். சித்திரை வெயிலில்கூட மாலை நேரத்துக் கடற்காற்று அங்கே சுகமாகவே இருக்கும். செஞ்சிப் பாறையோ பங்குனி பிறந்துவிட்டால் தோசைக்கல். ஐப்பசி, கார்த்திகையில் வழுக்குப் பாறை. மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலிருந்து மாசி முடியும் வரையில் உள்ள சொற்ப நாட்களே அதில் ஏறத் தகுந்த நாட்கள். முழங்காலுக்கும் ஒரு பருவம் உண்டு. இந்த வருஷம் ஏறக்கூடிய அப்பாவால் ஐந்து வருஷம் கழித்து ஏற முடியுமா என்று யார் சொல்லக்கூடும்? ஆகவே இந்த விடுமுறைக்குச் செஞ்சி, கோடைக்குப் புதுச்சேரி.

இரண்டு நாள் ஓய்வு கிடைத்தவர்கள் இரண்டையும் பார்க்கலாம். ஆனால் செஞ்சியை முதலில் பாருங்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. புதுச்சேரிக் கடற்கரையில் மகாத்மா காந்தியின் சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனவை. கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிற குழந்தைக்கு அந்தத் தூண்கள் எந்த ஊர்த் தூண்கள் என்று தெரிந்திருக்கும். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வெளியூர்க்காரர்களுக்கும் அதுவே எடுத்துச் சொல்லும்.