எந்தப் படிப்பு? எதற்காக?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் மதரஸாவுக்கு வரும் பெற்றோர் பலர், "ஹஜ்ரத், மகனை எந்தப் படிப்பில் சேர்க்கலாம்?" என்று என்னிடம் வினவுவர். எதற்காக அப்படிப்பு என்று எவரும் வினவுவதில்லை. சென்ற ஆண்டு வந்த ஒரு தந்தையிடம் நானே அதைக் கேட்டேன். "சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாரும் இஞ்சினீயரிங் படிக்கிறார்கள், நாம் மட்டும் தலைகுனிவதா?" என்றார். பின்னால் நின்ற மகன் வாய் திறக்கவில்லை.

எதற்காக என்னும் இவ்வினாவைத் தமக்குள் எழுப்பி, ஆறு மாதம் அலைக்கழிந்த மாமேதை ஒருவர் நமக்குண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091-ஆம் ஆண்டில் பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் பேராசிரியராக அமர்த்தப்பட்டார்கள். முந்நூறு மாணவர்கள் பாடம் கேட்டனர், ஆட்சியாளர்கள் மதித்தனர். ஆயினும் தம் நிய்யத்தை உரசிப் பார்த்தபோது, தாம் கற்பிப்பது இறைவனுக்காக அன்று, பதவிக்கும் புகழுக்குமே எனக் கண்டார்கள். இதனைப் பகைவர் எவரும் எழுதவில்லை; 'அல்முன்கிது மினள்ளலால்' என்னும் நூலில் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

1095-ஆம் ஆண்டில் அந்தப் போராட்டம் முற்றியது. காலையில் பிறந்த உறுதி மாலையில் கலைந்தது. இறுதியில் பாடம் சொல்ல நா எழவில்லை, உணவும் செரிக்கவில்லை. இது உள்ளத்தில் தோன்றிய நோய் என மருத்துவர்கள் கைவிட்டனர். பிள்ளைகளுக்கு வேண்டியதை ஒதுக்கி, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்துவிட்டு, ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டார்கள். (குடும்பத்தை நடுத்தெருவில் விட்டுச் செல்லவில்லை என்பதை, துறவு பேசும் நம் இளைஞர் சிலர் கவனிப்பார்களாக!)

ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகள் கழித்து, 1106-இல், நைஸாபூரில் மீண்டும் கற்பிக்க அழைப்பு வந்தது. அப்போதும் தம்மைச் சோதித்தார்கள். தனிமையை விட மறுப்பது சோம்பலாலும் சுகத்தாலுமா என்று அஞ்சினார்கள். பின்னர் அதே பணிக்குத் திரும்பினார்கள். முன்பு புகழைத் தேடித்தரும் கல்வியைப் போதித்ததாகவும், இப்போது அதைத் துறக்கச் செய்யும் கல்வியைப் போதிப்பதாகவும் குறிப்பிடுகிறார்கள்.

இன்றைய உளநூலாரும் இதன் ஓரத்தைத் தொட்டிருக்கின்றனர். 1973-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், விரும்பிப் படம் வரையும் மழலையர் சிலருக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே கூறப்பட்டது. சில நாள் சென்றபின் அவர்களுக்கு வரைவதில் நாட்டம் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அக்குறைவு காணப்படவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கலைப் பட்டம் பெற்ற நான் மதரஸாவுக்கு வந்ததை ஊரார் தியாகம் என்றனர். அரசுப் பணி கிட்டாமையே உண்மைக் காரணம். ஆனால் இத்தனை ஆண்டுகள் இங்கே நிலைத்திருப்பதற்குக் காரணம் வேறு. திக்கித் திணறிய பாலகன் ஒருவன் தடையின்றி ஓதிமுடித்து நிமிர்ந்து பார்க்கும் அந்த நொடி, எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

அந்தத் தந்தையிடம் சற்று வெளியே இருக்கச் சொல்லி, மகனிடம் கேட்டேன்: "பாராட்டவும் ஏசவும் எவருமே இல்லையென்றால் எதைப் படிப்பாய், தம்பி?" தாவரவியல் என்றான். வீட்டுக் கொல்லையில் தான் ஒட்டுக்கட்டிய மாங்கன்றைப் பற்றியும் சொன்னான். தந்தையை அழைத்தேன். "அதற்கு என்ன வேலை கிடைக்கும், ஹஜ்ரத்?" என்றார். அதுவும் நியாயமான கேள்வியே. வயிறும் குடும்பமும் பொய்யல்லவே! கல்லூரியில் விசாரித்து வருவதாகச் சொல்லி இருவரும் எழுந்தனர். வாசல் வரை மகனே பேசிக்கொண்டு போனான்.