பாலத்தைப் பொட்டலம் கட்டுவது எப்படி?

இந்தியாவில் ஒரு காலத்தில் மீட்டர் பாதையும் அகலப் பாதையும் சந்திக்கும் இரயில் நிலையங்கள் பல இருந்தன. ஒன்றின் அகலம் 1000 மில்லிமீட்டர். மற்றொன்றின் அகலம் 1676 மில்லிமீட்டர். ஒரு பாதையில் வந்த வண்டி மறு பாதையில் ஓடாது. ஆகவே சரக்கு மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி, மற்றொரு வண்டியில் ஏற்றினார்கள். கணிப்பொறி மொழிகளுக்கு இடையிலும் இத்தகைய சந்திப்பு நிலையங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி அறிவோமா?

எளிமையும் வேகமும்

மாணவர் பலர் கற்கும் மொழி பைத்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் இதனை 1991-ல் வெளியிட்டார். இதில் நிரல் எழுதுவது எளிது. ஆனால் பெரிய கணக்குகளில் வேகம் குறைவு. நிரல் ஓடும்போதே ஒவ்வொரு படியிலும், 'இது எண்ணா, எழுத்தா?' என்று பார்த்துப் பார்த்து வேலை செய்வதே காரணம்.

சி பிளஸ் பிளஸ் மொழியோ வேறு வகை. இது அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-ல் தொடங்கிய பணியில் பிறந்தது. இதில் எழுதிய நிரலைக் கம்பைலர் என்னும் மென்பொருள் முன்னதாகவே செயலியின் கட்டளைகளாக மாற்றிவிடுகிறது. ஆகவே வேகம் மிகுதி, எழுதுவதுதான் கடினம்.

அப்படியானால் கடினமான கணக்கைச் சி பிளஸ் பிளஸ் செய்ய, அதனைப் பைத்தானிலிருந்து ஏவினால் என்ன? செயற்கை நுண்ணறிவு ஆய்வில் பயன்படும் பைடார்ச் போன்ற பெரிய மென்பொருள்கள் இப்படித்தான் இயங்குகின்றன.

எண் 5-இன் எடை

இரு மொழிகளும் எண்ணை ஒரே விதமாக வைத்துக்கொள்வதில்லை. சி பிளஸ் பிளஸில் சாதாரண முழு எண்ணுக்குப் பெரும்பாலும் 4 பைட் இடம். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. பைத்தானிலோ எண்ணுக்கு அத்தகைய உச்ச வரம்பு இல்லை. எண்ணோடு அதன் வகையும், அதனை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கும் சேர்ந்தே இருக்கும். அதனால் வெறும் 5-க்கே வழக்கமாக 28 பைட் ஆகிறது!

பாலம் செய்யும் வேலை இதுதான்: மூட்டையைப் பிரித்து எண்ணை எடுக்க வேண்டும், மறுபக்கம் கொள்ளுமா என்று சோதிக்க வேண்டும், கொள்ளாவிட்டால் மறுக்க வேண்டும், விடை வந்ததும் மீண்டும் மூட்டை கட்ட வேண்டும். பயன்படுத்துவோர் கணக்கில் ஒன்று குறைந்தால், இன்னும் தேவைப்படும் நினைவிடம் துடைக்கப்பட்டு, நிரல் முழுவதுமே நின்றுபோகலாம்.

இவ்வேலைக்கு முன்பே பூஸ்ட் பைத்தான் என்ற கருவி இருந்தது. ஆனால் அதனோடு பூஸ்ட் என்னும் மாபெரும் நிரல் தொகுதியையும் சுமக்க வேண்டியிருந்தது. கணிப்பொறி ஓவிய ஆய்வாளர் வென்சல் ஜேக்கப் 2015-ல் பைபைண்ட்11 என்ற சிறிய நூலகத்தை உருவாக்கினார். சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 2011-ல் வந்த புதிய வசதிகளே அவருக்குக் கைகொடுத்தன. பெயரில் உள்ள 11 அதனைக் குறிப்பதே. இதன் மையப் பகுதி ஏறத்தாழ 4000 வரிகளில் அடங்கியது.

ஒன்று எப்படி 25 ஆயிற்று?

பைபைண்ட்11 கம்பைலருக்குள் போகாத மூல நிரலாகவே வருவதால், எல்லாக் கணிப்பொறிகளுக்கும் ஒரே பொட்டலம் போதும். ஆனால் அதனைக் கொண்டு நீங்கள் கட்டிய பாலம் அப்படியன்று. அது செயலிக் கட்டளைகளாக மாறிவிட்ட பொருள். செயலி, இயங்குதளம், பைத்தான் பதிப்பு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். விண்டோஸுக்கு 1, மேக்கின் இரு செயலிகளுக்கு 2, லினக்ஸின் இரு செயலிகளுக்கு 2, ஆக 5. பைத்தான் பதிப்புகளும் 5 எனக் கொள்வோம். 5 × 5 = 25 பொட்டலங்கள்!

'மூல நிரலை அப்படியே அனுப்பினால் என்ன?' என்று கேட்கலாம். பெறுபவரிடம் கம்பைலர் இல்லாவிட்டால் அவரால் அதனைப் பயன்படுத்தவே முடியாது. ஆகவேதான் 2012-ல் 'வீல்' என்ற பொட்டல முறை முன்மொழியப்பட்டது. வீல் என்பது இங்கே வண்டிச் சக்கரம் அன்று, வட்டமான பாலாடைக்கட்டி! பைத்தான் நிரல்களின் பொதுக் கிடங்குக்குப் 'பாலாடைக்கட்டிக் கடை' என்ற செல்லப்பெயர் இருந்தது. உண்மையில் வீல் என்பது ஒரு ஜிப் கோப்புதான். அதன் பெயரிலேயே பதிப்பு, பைத்தான், இயங்குதளம், செயலி எல்லாம் எழுதப்பட்டிருக்கும். பிப் என்ற நிறுவும் கருவி முகவரியைப் படிப்பதுபோல் அதனைப் படித்து, பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கிறது.

லினக்ஸில் மேலும் ஒரு சிக்கல். புதிய லினக்ஸில் கட்டிய பாலம், பழைய லினக்ஸில் இல்லாத அடிப்படை வசதிகளைத் தேடும், கிடைக்காவிட்டால் ஓடாது. பழையதில் கட்டியதோ பெரும்பாலும் புதியதிலும் ஓடும். எனவே 2016-ல் மெனிலினக்ஸ்1 என்ற விதி வந்தது. 2007-ல் வெளியான சென்ட்ஓஎஸ் 5 என்ற பழைய லினக்ஸை அது அளவுகோலாகக் கொண்டது. புதியவர், பழையவர் எல்லாரையும் அடைய, பழைய பட்டறையில் வேலை செய்தார்கள்!

பொட்டலங்களைக் குறைக்கும் முயற்சியும் நடந்தது. ஜேக்கப் 2022-ல் நானோபைண்ட் என்ற இன்னும் சிறிய பாலத்தை வெளியிட்டார். பைத்தான் 3.12-க்காக அதில் கட்டிய பொட்டலம் அடுத்த பதிப்புகளிலும் ஓடுமாறு செய்ய இயலும். அப்போது 25 தேவையில்லை, 3.12-க்கும் பிந்தைய பதிப்புகளுக்கும் 5 போதும்.

செய்து பாருங்கள்

பைத்தானில் 1-ஐ 2-ஆல் 100 முறை பெருக்கிப் பாருங்கள். 31 இலக்க எண் வரும். அதனை 4 பைட் இடமுள்ள அண்டை நாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், பாலத்தின் நடுவே நிற்கும் காவலர் என்ன சொல்ல வேண்டும்? 'இடமில்லை' என்று சொல்வதும் நல்ல பாலத்தின் கடமையே!