குருவி எந்த மொழியில் கூவும்?

கூண்டிலே குருவி, வெளியே பூனை. குருவிக்கோ கையளவு உடல்; பூனைக்கோ பல்லும் நகமும். முடிவு என்ன? பூனை தின்றது என்பர் உலகியல் அறிந்தோர். இல்லை, குருவி வென்றது என்று காட்டிற்று, 1947-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘ட்வீட்டி பை’ என்னும் கேலிச்சித்திரக் குறும்படம். இயக்கியவர் ஃபிரிஸ் ஃபிரெலெங். ஆஸ்கார் பரிசும் அதைத் தேடி வந்தது!

வலியோன் விழுகிறான், எளியோன் எழுகிறான், சிரிக்காமலிருப்போமா நாம்?

அந்தக் குருவிக்குப் பிரெஞ்சு மொழியிலே பெயர் ‘டிட்டி’, பூனைக்கு ‘குரோமினே’. அமெரிக்கப் பறவைதான், எனினும் தம் பிள்ளைகளின் நாவுக்கு ஏற்பப் பெயரை மாற்றிக்கொண்டனர் பிரெஞ்சுக்காரர். மொழிப்பற்று என்றால் அது! 1954-இல் ஆட்சியை விட்டுச் சென்றார்கள். புதுச்சேரித் தெருப்பலகைகளில் தமிழின் பக்கத்திலே அவர்கள் மொழி இன்றும் நிற்கிறது.

நம் நாட்டிலும் பறவைப்படம் உண்டு. பிலிம்ஸ் டிவிஷனுக்காக விஜயா முலேயும் பீம்சேனும் 1974-இல் உருவாக்கிய ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’. வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றுகூடி வலையோடு பறக்கின்றன. எலிகள் வலையை அறுக்கின்றன. நல்ல பாடம், மறுப்பாரில்லை! ஆனால், பலர் சேர்ந்த ஒற்றுமையைப் போதிக்கப் பிறந்த அந்தப் படம் பேசிய மொழி எது? இந்தி!

பூனை விழுந்தால் சிரிக்க மொழி வேண்டாம். பாகூர்ப் பிள்ளையும் சிரிக்கும், பாரிசுப் பிள்ளையும் சிரிக்கும். பாடம் அப்படியல்ல, அது நெஞ்சில் இறங்கத் தாய்மொழி வேண்டும். பறவைகள் பறக்கட்டும், வரவேற்போம். காரைக்காலுக்கு வரும்போது தமிழிலே கூவட்டும். கேட்பது சலுகையல்ல, உரிமை!