பல்லில் ஒட்டிய நீலம்

‘ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிப்போகுமாமே?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போகாது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரியவரும். பயப்படாமல் சுத்தம் செய்துகொள்ளுங்கள். ஆனால், பல்லில் காரையோடு செத்துப்போனவர்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் ரொம்பவே கடன்பட்டிருக்கிறார்கள்.

போர் தண்ணீரில் வெந்நீர் போடும் அண்டாவைப் பார்த்திருப்பீர்கள். உப்பு படியும், தேய்க்காவிட்டால் அதன்மேல் இன்னொரு அடுக்கு ஏறும். வாயிலும் இதே கதைதான். பல்லின்மேல் பாக்டீரியாக்கள் பசைபோலப் படர்கின்றன. உமிழ்நீரில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அந்தப் பசைக்குள் இறங்கி, பாக்டீரியாக்களை இருந்த இடத்திலேயே கல்லாக்குகின்றன. அந்தக் கல்மேல் மறுபடி பசை. இதுதான் காரை. உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய்க்கு நேரே, கீழ்முன்பற்களின் பின்புறத்தில்தான் இது அதிகம். கல்லாகும் நேரத்தில் வாயில் கிடந்த மாவுத்துகள், மகரந்தம், புகைக்கரி எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும். சிறுநீரகக் கல் போன்றவற்றை விட்டுவிட்டால், உயிரோடு இருக்கும்போதே நம் உடம்பில் புதைபடிவமாகிற சமாசாரம் இது ஒன்றுதான்.

அண்டாவுக்கே வருவோம். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்ற அதில் வேப்பிலை போட்டிருப்பார்கள், சளிக்கு நொச்சி. அந்த உப்புப் படிவை உடைத்தால் எந்த அடுக்கு வீட்டில் அம்மை வந்தபோது படிந்தது, எது சளி பிடித்தபோது படிந்தது என்று சொல்லிவிடலாம். ஒரு சிக்கல்: கொல்லை மரத்திலிருந்து காற்றில் விழுந்த வேப்பிலையும் அதே அடுக்கில்தான் இருக்கும்.

வரலாறு வேண்டுமென்றால், 1683-இல் நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் தன் பல்லழுக்கை உருப்பெருக்கியில் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அதன்பிறகும் வெகுகாலம் தொல்லியலாளர்கள் காரையைச் சுரண்டி எறிந்துவிட்டுப் பல்லை அளந்துகொண்டிருந்தார்கள். அது போதும்.

விழுந்த வேப்பிலையைத்தான் பத்திரிகைகள் மறந்துவிடுகின்றன. ஸ்பெயினின் எல் சித்ரோன் குகையில் கிடைத்த நியாண்டர்தால் மனிதர்களின் காரையில், சாமந்திப்பூ இனத்துக் கசப்புச் செடிகளின் வேதித்தடங்கள் இருப்பதாக 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது. சத்தில்லாத கசப்பை எதற்குத் தின்பார்கள், மருந்துக்குத்தான் என்றார்கள். வேட்டையாடிய மிருகத்தின் இரைப்பையை, அது மேய்ந்த தழையோடு சேர்த்துத் தின்றிருக்கலாமே என்று லண்டன் ஆய்வாளர்கள் இருவர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2017-இல் அதே குகையில் கிடைத்த ஒரு பல்லில், ஆஸ்பிரின் வகைச் சத்துள்ள பாப்ளர் மரத்தின் டிஎன்ஏவும் பெனிசிலியம் பூஞ்சையின் டிஎன்ஏவும் கிடைத்ததும், ஆஸ்பிரினும் பெனிசிலினும் சாப்பிட்ட ஆதிமனிதன் என்று தலைப்புகள் பறந்தன. பெனிசிலியம் நம் வீட்டுப் பழைய ரொட்டியிலும் பூக்கிறது.

ஜெர்மனியின் டால்ஹைம் பெண் வேறு ரகம். அங்கிருந்த கன்னியர் மடம் 14-ஆம் நூற்றாண்டில் எரிந்துபோனது. அதன் நூல்கள் எதுவும் மிஞ்சவில்லை. கல்லறையில் கிடைத்தவர் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன், 45-60 வயதில் இறந்தவர். என்ன சாப்பிட்டார் என்று பார்ப்பதற்காகக் காரையைக் கரைத்தார்கள். நீலத்துகள்கள் நூற்றுக்குமேல் உதிர்ந்தன. லாபிஸ் லசூலி! அன்றைய ஐரோப்பாவுக்கு அந்தக் கல் ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து மட்டுமே வந்தது. அதன் நீலம், தங்கத்துக்கு நிகராக விலைபோன சாயம். அனிதா ரடினி, கிறிஸ்டினா வாரினர் குழுவினர் இதை 2019-இல் வெளியிட்டார்கள். கல்லை அரைத்திருக்கலாம், மருந்தாக உண்டிருக்கலாம், புனிதப் படங்களை முத்தமிட்டிருக்கலாம் என்று மற்ற வழிகளையும் அவர்களே எடைபோட்டார்கள். துகள்கள் ஒரே இடத்தில் குவியாமல் பரவலாகக் கிடந்ததால், பலநாள் சேர்ந்தது என்று தெரிந்தது. சுவடிகளுக்குப் படம் தீட்டும்போது தூரிகை நுனியை நாக்கில் தொட்டுக் கூராக்கியிருக்கிறார் என்பதே பொருந்தி வந்தது. ஓவியர்கள் என்றாலே துறவிகளான ஆண்கள்தான் என்று எழுதிவந்தவர்களுக்கு, விலைமதிப்பற்ற சாயத்தை நம்பி ஒப்படைக்கும் அளவுக்குத் தேர்ந்த ஒரு பெண் பல்லைக் காட்டினார்.

ஆப்கன் கல், ஜெர்மனியில் காற்றில் விழுகிற வேப்பிலை அல்ல. உணவு விஷயத்தில் இந்த நிச்சயம் கிடைப்பதில்லை. வேகவைத்தால் மாவுத்துகள் உருக்குலைந்துவிடும். ஒருமுறை தின்றாரா, தினமும் தின்றாரா என்று காரை சொல்லாது. போதாக்குறைக்கு, ஆய்வகக் கையுறைகளில் தூவியிருக்கும் மக்காச்சோள மாவே மாதிரிக்குள் புகுந்துவிடுகிறது. அதனால் கவனமுள்ள ஆய்வகங்களில் இப்போது பல்லோடு சேர்த்துக் கையுறையையும், மேசைத் தூசியையும், பல் கிடந்த மண்ணையும் சோதிக்கிறார்கள்.