பன்னீர்த் திராட்சையின் பாட்டி வீடு

ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டில் மல்லிகைக் கூடையைத் திறந்ததும் எழுகிற மணத்தில் லினலூல் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ரோஜா மணத்தில் ஜெரனியால். காவிரிப் பாலம் தாண்டி திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வந்து, பன்னீர்த் திராட்சைக் கொத்து ஒன்றை மூக்கருகே கொண்டுபோங்கள். அந்த இரண்டும் இங்கேயும் இருக்கின்றன. இரண்டுக்கும் 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். அடுக்கிய விதம்தான் வேறு. பன்னீர் என்று பேர் வைத்தவரின் மூக்குக்கு வேதியியல் சாட்சி சொல்கிறது.

இந்தத் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். பாதிரியார் கொண்டுவந்தார் என்பதை நம்பலாம். திருப்பலிக்குக் கலப்பில்லாத திராட்சை இரசமே வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம். குருமார்கள் போன நாடுகளுக்கெல்லாம் கொடியும் கூடவே போயிருக்கிறது. ஆனால் ஆண்டு இடிக்கிறது. மஸ்கட் ஹாம்பர்க் இங்கிலாந்தில் ஒட்டுச்சேர்க்கையில் பிறந்ததே 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். 1832-ல் வந்தது வேறொரு மஸ்கட்டாக இருக்க வேண்டும். அல்லது இது வந்த ஆண்டு பிந்தியதாக இருக்க வேண்டும்.

  

மரபணு ஆய்வு பன்னீர்த் திராட்சையின் குடும்பத்தைத் தெளிவாக்கிவிட்டது. தாயும் தந்தையும் ஸ்கியாவா கிராசாவும் மஸ்கட் அலெக்சாந்திரியாவும். அந்த அலெக்சாந்திரியாவைப் பெற்றவற்றுள் ஒன்று சிறுமணி வெள்ளை மஸ்கட். ஆக, நம் பன்னீருக்கு அது பாட்டி முறை. பாட்டிக்குப் புகழ் தேடித்தந்த வீடுகளில் ஒன்று, தென் பிரான்சில் ரோன் ஆற்றுப் பக்கத்துப் போம்-த-வெனீஸ் கிராமம்.

அங்கே இனிப்பு ஒயின் தயாரிக்கும் முறையைப் பார்த்தால், மணத்துக்கு எவ்வளவு மரியாதை தருகிறார்கள் என்பது புரியும். லிட்டர் சாற்றில் 252 கிராம் சர்க்கரை சேரும்வரை பழத்தைக் கொடியிலேயே கனியவிடுகிறார்கள். ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் 1 சதவீத ஆல்கஹால் உண்டாகும். முழுக்க நொதிக்கவிட்டால் சர்க்கரை தீர்ந்து 15 சதவீதத்தை எட்டிவிடும். ஆனால் பொங்கி வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு மணத்தையும் அள்ளிக்கொண்டு போகும்; ஈஸ்ட் ஜெரனியாலில் ஒரு பகுதியை வேறு பொருளாக மாற்றியும்விடும். எனவே பாதியிலேயே தெளிந்த திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்டின் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரையில் ஒரு பங்கு மிஞ்சுகிறது, மணமும் தங்குகிறது. 13-ஆம் நூற்றாண்டில் மோம்பெலியே நகரில் கற்பித்த மருத்துவர் அர்னோ த வில்னவ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் உத்தி இது. குளிர்ந்த தொட்டியில், காற்றுப் படாமல் வைப்பதும் மணத்துக்காகவே.

பன்னீரின் சொந்த வகையும் அங்கே பக்கத்தில்தான் விளைகிறது. வாந்தூ மலையடிவாரத்து மஸ்கட் ஹாம்பர்க், சாப்பிடும் பழமாகவே 1997-ல் பிரான்சின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு அந்தப் பெருமை 2023-ல் வந்தது. வாந்தூக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். வருடத்துக்கு ஒரே அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கில் உறக்கமே கிடையாது. பந்தலில் கவாத்து செய்து செய்து விவசாயி வருடம் முழுக்கப் பழம் எடுக்கிறார். உலகில் அதிகம் பேருக்கு வாய்க்காத வசதி இது. அதனாலேயே நாம் அதன் அருமையை உணரவில்லை என்பது என் வருத்தம்.

அந்த மணத்தில் பெரும்பங்கு தோலில் இருக்கிறது. அதிலும் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்து, மணக்காமல் ஒளிந்திருக்கும். மெல்ல மெல்ல வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அதை விடுவிக்கும். நாமோ சதையைப் பிதுக்கி விழுங்கிவிட்டுத் தோலைத் துப்புகிறோம். வீட்டில் ஜூஸ் போடும்போது திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிடுகிறோம். ஆவியோடு ஜெரனியாலும் அடுப்படியைவிட்டுப் போய்விடும். இனிமேல் மூடி போட்டு இளஞ்சூட்டில் வையுங்கள். பழத்தின் மேல் வெண்ணிறமாகப் படிந்திருக்கும் மெழுகு இயற்கையானது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பழத்தை நன்றாகக் கழுவிவிட்டு, தோலோடு மென்று சாப்பிடுங்கள்.